சுமைதாங்கிக் கல்லில் நான்கு புலிகள்

முதல் ஐந்நூறு படிகள்வரை எண்ணினேன். ஆயிரத்தை நெருங்கும்போது கணக்குத் தப்பியது. அதற்குப் பிறகு, அடுத்துக் கால் வைக்க வேண்டிய கல் ஒன்றுதான் கண்ணில் பட்டது.

நேபாளத்தில், அன்னபூர்ணா மலைகளின் அடிவாரத்தில், திக்கேதுங்கா என்ற சிற்றூரிலிருந்து உல்லேரிக்கு ஏறும் பாதை அது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,000 மீட்டரில் முடிகிறது. இடையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகள். இப்போது உல்லேரிவரை ஜீப் போகிறது. நடந்துதான் போவேன் என்று நான் பிடித்த பிடிவாதத்தை மூச்சிரைக்க நொந்துகொண்டிருந்தபோது, படிகளின் ஓரத்தில் ஒரு கல் திண்ணை வந்தது. நடுவில் அரச மரம், பக்கத்தில் ஆல மரம்.

இதை அங்கே சௌதாரி என்கிறார்கள். அரசையும் ஆலையும் சேர்த்து நட்டு அவற்றுக்குத் திருமணமும் செய்துவைப்பார்கள். நம் ஊரில் அரசுக்கும் வேம்புக்கும் செய்வதுபோல. திண்ணையைச் சுற்றி இடுப்புயரத்தில் ஒரு கல்விளிம்பு இருக்கிறது. சுமை தூக்கி வருகிறவர் குனியாமல், யார் உதவியும் கேட்காமல், முதுகுப்புறமாகவே கூடையை அதில் சாய்த்துவிடலாம். பார்த்ததும் புரிந்தது. நம் பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லேதான்.

அந்தக் கல்லின் அவசியம் அந்த மலையில் நடந்தால்தான் தெரியும். சுமைகாரர்கள் 'டோகோ' என்ற மூங்கில் கூடையை முதுகில் வைத்து, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமக்கிறார்கள். எவரெஸ்ட் பக்கம் நாம்சே சந்தைக்குப் போகும் சுமைகாரர்களை ஆராய்ந்த அறிவியலாளர்கள் 2005-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தார்கள். அவர்களுடைய உத்தி எளிமையானது: மெதுவாக நடப்பது, அடிக்கடி நிற்பது. அப்படி நிற்பதற்குத்தான் சௌதாரி. நின்ற இடத்தில் நாலு நிமிடம் கிடைத்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? விளையாடுவார்கள்.

திண்ணையின் ஒரு கல்லில் கோடுகள் கீறியிருந்தன. இரண்டு சுமைகாரர்கள் அதன் இருபுறமும் குந்தியிருந்தார்கள். ஒருவர் கையில் மக்காச்சோள மணிகள். மற்றவர் பக்கம் நான்கு கூழாங்கற்கள். மணிகள் ஒவ்வொன்றாகக் கல்லில் இறங்கின. கூழாங்கல் அவ்வப்போது ஒரு மணியைத் தாண்டிக் குதித்து அதை எடுத்துக்கொண்டது. எங்கோ பார்த்த ஆட்டம்போல் இருந்தது. ஆனால் கட்டம் வேறு.

"என்ன விளையாட்டு, தாய்?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். நேபாளியில் அண்ணனைத் 'தாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் நாக்குக்கு அது பழக இரண்டு நாள் ஆகும்.

"பாக் சால்" என்றார் இருவரில் பெரியவர். பாக் என்றால் புலி. சால் என்றால் நகர்த்தல். மக்காச்சோள மணியைக் காட்டி "பாக்ரா" என்றார். ஆடு.

ஆடு, புலி! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் ஆடு புலி ஆட்டத்தின் கட்டம் கோபுரம்போல இருக்கும்: உச்சியிலிருந்து விரியும் நான்கு கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகள், மொத்தம் 23 புள்ளிகள். பாக் சாலின் கட்டம் சதுரம். வரிசைக்கு ஐந்து புள்ளிகளாக ஐந்து வரிசை, ஆக 25 புள்ளிகள். நெடுக்கும் குறுக்கும் கோடுகள், அவற்றோடு சாய்கோடுகள். ஆனால் சாய்கோடு எல்லாப் புள்ளிக்கும் இல்லை; ஒன்று விட்டு ஒன்றுக்குத்தான். 13 புள்ளிகளைச் சாய்கோடு தொடுகிறது, 12 புள்ளிகளைத் தொடுவதில்லை. இந்த ஓரவஞ்சனையில்தான் ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

விதிகளைச் சொல்ல அவருக்கு மொழி தேவைப்படவில்லை. நான்கு புலிகள் நான்கு மூலைகளில் நிற்கும். ஆடு வைத்திருப்பவர் முறைக்கு ஒன்றாக 20 ஆடுகளைக் காலிப் புள்ளிகளில் இறக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டுக்கும் பதிலாக ஒரு புலி ஓர் அடி நகரும். பக்கத்தில் ஆடு இருந்து, அதே நேர்க்கோட்டில் அதற்கு அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். இருபதும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. ஐந்து ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. நான்கு புலிகளும் அசைய முடியாதபடி அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி. அவ்வளவுதான்.

"நீ ஆடு" என்று மணிகளை என் உள்ளங்கையில் கொட்டினார்.

முதல் மணியை ஒரு மூலைக்குப் பக்கத்தில், விளிம்பில் வைத்தேன். கையை எடுப்பதற்குள் புலி அதைத் தாண்டிவிட்டது. அடுத்த ஆட்டத்தில் மூலைக்குச் சாய்வாக, ஒரு படி உள்ளே வைத்தேன். அதுவும் போனது. பெரியவர் சிரிக்கவில்லை, கூட இருந்த இளைஞன் எனக்காகவும் சேர்த்துச் சிரித்தான்.

அன்று இரவு தங்கும் விடுதியில் நோட்டில் கட்டத்தை வரைந்து எண்ணிப் பார்த்தபோது என் அறியாமையின் அளவு தெரிந்தது. முதல் ஆட்டை வைக்க 21 காலிப் புள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் 12 புள்ளிகளில் வைத்தால் அடுத்த நொடியே ஆடு காலி: மூலைகளை அடுத்த எட்டு விளிம்புப் புள்ளிகளும், மூலைகளுக்குச் சாய்வாக உள்ளே இருக்கும் நான்கும். மிச்சம் ஒன்பதுதான் உடனடி ஆபத்தில்லாதவை. கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறவர் பாதிக்கு மேற்பட்ட தடவை முதல் ஆட்டைப் புலிக்குப் பரிமாறிவிடுவார். நான் கண்ணைத் திறந்துகொண்டே இரண்டு முறை பரிமாறினேன்.

ஓர் ஆடு சாக மூன்று வேண்டும்: ஒரே கோட்டில் அடுத்தடுத்துப் புலி, ஆடு, காலியிடம். கட்டத்தில் இப்படி மூன்று புள்ளிகள் நேராக அமையும் இடங்கள் எத்தனை என்று எண்ணினால் சரியாக 40 வருகிறது. நெடுக்கில் 15, குறுக்கில் 15, சாய்வில் 10. இந்த 40 கொலைக்கோடுகளும் கட்டமெங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. நடுவிலுள்ள ஒன்பது புள்ளிகளில் நிற்கும் ஆட்டைத் தாண்ட 28 வழிகள். விளிம்பில் மூலை நீங்கலாக உள்ள 12 புள்ளிகளுக்குச் சேர்த்தே 12 வழிகள், அதாவது ஆளுக்கு ஒன்று. மூலையில் நிற்கும் ஆட்டைத் தாண்ட ஒரு வழிகூடக் கிடையாது. காரணம் எளிது. விளிம்பில் நிற்கும் ஆட்டை உள்ளிருந்து தாண்டினால் புலி கட்டத்துக்கு வெளியே போய் விழும்.

எனவே விளிம்பு ஆட்டுக்கு அரண். அது எவ்வளவு உறுதியான அரண் என்பதைப் பெரியவர் எனக்கு மூன்று மணிகள் செலவில் காட்டினார். மேல் விளிம்பின் ஐந்து புள்ளிகளை இடமிருந்து ஒன்று முதல் ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலும் ஐந்திலும் புலிகள். மூன்றாவது புள்ளியில் ஓர் ஆட்டை வைக்கிறீர்கள். முதல் புலி இரண்டுக்கு வருகிறது. அடுத்த முறை மூன்றைத் தாண்டி நான்கில் குதிக்கும். இப்போது நான்கில் ஓர் ஆட்டை வைத்துவிடுங்கள். இரண்டில் நிற்கும் புலிக்குக் குதித்து விழ இடமில்லை. ஐந்தில் நிற்கும் புலி நான்கைத் தாண்டப் பார்க்கிறது. அது விழ வேண்டிய மூன்றில் முதல் ஆடு நிற்கிறது. இந்தப் பக்கமும் புலி, அந்தப் பக்கமும் புலி, நடுவே இரண்டு ஆடுகள். ஒரு புலியாலும் தொட முடியவில்லை. ஒவ்வோர் ஆட்டுக்கும் உயிர் மற்ற ஆட்டின் முதுகில் இருக்கிறது.

இந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் ஆட்டம் எனக்குப் பிடிபட்டது. ஆட்டைக் காப்பது ஆட்டின் பலமல்ல, காலியிடம் இல்லாமைதான். புலிக்கு உணவு ஆடு என்று நினைக்கிறோம். உண்மையில் அது தின்பது இடைவெளியை.

புலியை அடைப்பதற்கும் இதே கணக்குத்தான். மூலையில் ஒரு புலி நிற்கிறது. அதைச் சுற்றி மூன்று புள்ளிகள். அவற்றில் மூன்று ஆடுகளை நிறுத்தினால் போதாது, தாண்டிவிடும். அவற்றுக்கு அப்பால் உள்ள மூன்றிலும் ஆடு வேண்டும். ஆக ஆறு ஆடுகள் இருந்தால் மூலைப் புலி கட்டுப்படும். அதே புலி கட்டத்தின் நட்டநடுவே நின்றால் எட்டுத் திசையிலும் அதற்கு வழி. பக்கத்தில் எட்டு, அப்பால் எட்டு என்று 16 ஆடுகள் வேண்டும். ஒரே புலிதான், இடம் மாறினால் அதன் விலை ஆறிலிருந்து பதினாறாகிறது. நல்ல புலி ஆட்டக்காரர் ஏன் நடுவை விட்டு நகர மறுக்கிறார், நல்ல ஆட்டுக்காரர் ஏன் புலிகளை மூலைக்கு ஓட்டப் பார்க்கிறார் என்பதற்கு இந்த இரண்டு எண்களே விளக்கம்.

நான்கு புலிகளும் நான்கு மூலைகளில் ஒடுங்கிவிட்டால் எல்லாவற்றையும் கட்ட எத்தனை ஆடுகள் தேவை? தனித்தனியே கூட்டினால் 24 வரும். ஆனால் விளிம்பின் நடுவில் நிற்கும் ஆடு இரண்டு மூலைகளுக்கும், கட்டத்தின் மையத்தில் நிற்கும் ஆடு நான்கு மூலைகளுக்கும் பொது. அதனால் 17 போதும். கையிலிருப்பது 20. மூன்றை இழந்தாலும் இந்த முற்றுகை சாத்தியம். நான்காவதும் போனால் மூலைகளில் வைத்துக் கட்ட முடியாது, புலிகளை ஒன்றோடொன்று முட்டவிட்டு வேறு வழிதான் பார்க்க வேண்டும். ஐந்தாவது போனால் ஆட்டமே முடிந்தது. இருபது, ஐந்து என்ற எண்களை யாரோ சும்மா வைத்துவிடவில்லை. கத்திமுனையில் நிறுத்துவதுபோல் நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு எண்ணையும் கவனியுங்கள். 4 புலியும் 20 ஆடும் சேர்ந்து 24. புள்ளிகள் 25. ஓர் ஆடும் சாகாமல் இருபதும் இறங்கிவிட்டால் கட்டம் முழுவதிலும் காலியாக இருப்பது ஒரே ஒரு புள்ளி. ஸ்பெயினில் காஸ்டீல் அரசர் பத்தாம் அல்போன்சோ எழுதுவித்து 1283-ல் முடிந்த விளையாட்டு நூலில் இதே 25 புள்ளிக் கட்டம் இருக்கிறது. அரபு மொழியிலிருந்து வந்த 'அல்கேர்க்கே' என்ற பெயரில் ஆடப்பட்ட அந்த ஆட்டத்திலும் காய்கள் 24தான், காலியிடம் ஒன்றுதான். ஆனால் அங்கே பக்கத்துக்குப் பன்னிரண்டு என்று சமமான இரு படைகள். அதே கல், அதே கோடு, அதே ஒற்றை ஓட்டை. நேபாளத்தில் அதன்மேல் நடப்பது முற்றிலும் வேறு சண்டை.

சதுரங்கத்திலும் இரு தரப்புக்கும் ஒரே படைதான், முதலில் யார் நகர்த்துவது என்பது மட்டுமே வேறுபாடு. பாக் சாலிலோ படையின் அளவு வேறு, நடை வேறு, வெற்றியின் இலக்கணமே வேறு. ஒருவர் கொன்று ஜெயிக்க வேண்டும். மற்றவர் கொல்லாமல் ஜெயிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆட்டத்தில் நியாயம் என்பதை எப்படி அளப்பது? புலிக்குச் சாதகமா, ஆட்டுக்குச் சாதகமா என்று சௌதாரியில் உட்கார்ந்து நூறு வருடம் வாதாடலாம். உட்கார்ந்து எண்ணுவதற்குக் கணினி வந்த பிறகுதான் பதில் கிடைத்தது.

எண்ணியவர்கள் இருவர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த லிம் யூ ஜின், சுவிட்சர்லாந்தின் ஜூரிச் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த யூர்க் நீவெர்கெல்ட். அவர்கள் எதிர்கொண்ட மலையில் இரண்டு சரிவுகள் இருந்தன. ஒன்று, இருபது ஆடுகளும் இறங்கிய பிறகு நடக்கும் நகர்த்தல் கட்டம். 25 புள்ளிகளில் நான்கு புலிகளையும், 16 முதல் 20 வரையிலான ஆடுகளையும் எத்தனை விதமாக வைக்கலாம் என்று கணக்கிட்டால் 35,28,71,750 வருகிறது. அடுத்து நகர்த்துவது யார் என்பதையும் சேர்த்தால் இதுபோல் இருமடங்கு. சதுரத்தைத் திருப்பினாலும் கண்ணாடியில் காட்டினாலும் நிலை ஒன்றே என்பதால் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகக் குறைகிறது. மிஞ்சுவது சுமார் 8.8 கோடி நிலைகள். கணினிக்கு இது சுமக்கக்கூடிய சுமை.

இந்தச் சரிவில் அவர்கள் ஆட்டத்தின் முடிவிலிருந்து தொடங்கினார்கள். புலிகள் அடைபட்டுவிட்ட நிலைகளையும் ஐந்தாவது ஆடு விழுந்த நிலைகளையும் முதலில் குறித்துக்கொள்வது. அவற்றுக்கு ஒரு நகர்த்தல் முன்னால் என்ன இருந்திருக்கும், அதற்கு முன்னால் என்ன என்று பின்னோக்கியே போவது. போகப் போக ஒவ்வொரு நிலையின் மேலும் வெற்றி, தோல்வி என்று முத்திரை விழும். எதுவும் விழாதவை, யாரும் யாரையும் வெல்ல முடியாத நிலைகள்.

மற்றச் சரிவு செங்குத்து. ஆடுகளை இறக்கும் கட்டம் வெறும் 39 நகர்த்தல்கள்தான்: இருபது ஆட்டுக்கு, இடையில் பத்தொன்பது புலிக்கு. ஆனால் ஒவ்வொரு முறையும் விரியும் வாய்ப்புகளைப் பெருக்கிக்கொண்டே போனால், 1-ஐ எழுதி அதன்பின் ஏறக்குறைய 40 சுழிகள் போட்ட எண் வருகிறது. இதை முழுதாக நடந்து கடக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. எனவே வீண் கிளைகளை வெட்டி, ஒன்றுபோலிருக்கும் நிலைகளைச் சேர்த்து, ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து ஏறினார்கள். மலையின் இரு பக்கமிருந்தும் ஏறுகிறவர்கள் கணவாயில் சந்திப்பதுபோல் இரண்டு கணக்குகளும் ஓரிடத்தில் சந்தித்தன.

விடை அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. 2009-ல் 'கேம்ஸ் ஆஃப் நோ சான்ஸ்' தொகுப்பின் மூன்றாம் பகுதியில் வந்த அதன் தலைப்பின் பொருள்: 'புலிகளும் ஆடுகளும் ஆட்டம் சமன்'. இரு தரப்பும் பிழையில்லாமல் ஆடினால் யாரும் ஜெயிப்பதில்லை, யாரும் தோற்பதில்லை.

இதில் எனக்கு வியப்பு இதுதான். செக்கர்ஸ் சமனில் முடியும் ஆட்டம் என்று 2007-ல் கனடா ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அங்கே இரு தரப்புக்கும் படை ஒன்று, விதி ஒன்று; சமன் வந்ததில் ஓரளவு நியாயம் தெரிகிறது. பாக் சாலில் அப்படி எதுவும் கிடையாது. குதிக்கத் தெரிந்த நான்கையும் எல்லாம் இறங்கும்வரை நகரக்கூட அனுமதியில்லாத இருபதையும் தராசில் வைத்தால் முள் நடுவில் நிற்கிறது. சூத்திரம் எழுதத் தெரியாத கைகள், சுமை இறக்கிய இடைவெளிகளில், ஆடி ஆடியே அந்த முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. புலி எளிதாக ஜெயித்தால் ஆடு வைக்க ஆள் வரமாட்டார். ஆடு எளிதாக ஜெயித்தால் புலிக்கு ஆள் கிடைக்காது. இருவருக்கும் ஆசை காட்டும் எண்கள் மட்டுமே கல்லில் தங்கும்.

நம் ஆட்டத்தின் எண்களைப் பாருங்கள். நம் கட்டத்தில் 3 புலி, 15 ஆடு. அங்கே 4 புலி, 20 ஆடு. கட்டம் வேறு, மொழி வேறு, மலை வேறு; ஆனால் இரண்டிலும் புலிக்கு ஐந்து ஆடு. தெலுங்கில் புலிஜூதம், கன்னடத்தில் ஆடு ஹுலி ஆட்டா என்று நமக்குப் பக்கத்திலேயே இதற்குச் சொந்தங்கள் இருக்கின்றன. கடல் தாண்டி மலேசியாவில் இருக்கும் உறவுக்கு 'ரிமாவ் ரிமாவ்' என்று பெயர்; ரிமாவ் என்றாலும் புலிதான். புலி உண்மையாகவே ஆட்டைத் தூக்கிப்போன ஊர்களின் விளையாட்டு இது.

மறுநாள் காலை கோரேபானி என்ற ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பெரியவரைப் பாதையோரச் சௌதாரி ஒன்றில் மறுபடி பார்த்தேன். முந்தைய நாள் மூன்று ஆட்டம் ஆடியிருந்தோம், மூன்றிலும் நான் தோற்றேன். கணிதம் சமன் என்கிறதே என்று சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. சொல்லியிருந்தாலும் பயனில்லை. பிழையில்லாமல் ஆடினால்தான் சமன். என்னிடம் இருந்தவை பிழைகள் மட்டும்தான். அவர் கல்விளிம்பில் சாய்த்திருந்த தன் கூடையின் பட்டையை நெற்றியில் இழுத்துவிட்டு, எழுந்து நடந்தார். கல்லில் இரண்டு சோள மணிகள் கிடந்தன.

இதை ஆட நேபாளம் போக வேண்டியதில்லை. ஒரு சாக்பீஸ், நான்கு கல், இருபது புளியங்கொட்டை போதும். ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, நெடுக்கும் குறுக்கும் இழுத்து, இரண்டு பெரிய மூலைவிட்டங்களும் விளிம்பு நடுக்களைச் சேர்க்கும் நான்கு சாய்கோடுகளும் போட்டுவிட்டால் கட்டம் தயார். வீட்டில் பிள்ளைகளுக்குப் புலியைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஆடு வைத்துப் பாருங்கள். முதல் ஆட்டை மட்டும் மூலைக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.